இருமுறை அழிந்த ஊர்: கோலகுபு பாரு



கோலாலம்பூரிலிருந்து வடக்கே ரவாங், செரெண்டா, பத்தாங்காலி, ராசா என்று பழைய கூட்டரசுச் சாலையில் சென்றால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் வலப்புறம் மலையை நோக்கி ஒரு கிளைச் சாலை பிரியும். அச்சாலை கொண்டுபோய்ச் சேர்க்கும் சிற்றூரே கோலகுபு பாரு. உலு சிலாங்கூர் மாவட்டத்தின் தலைநகர் இதுதான் என்றால் புதிதாக வருவோர் நம்பத் தயங்குவர். சில வரிசைக் கடைகள், அரசு அலுவலகங்கள், பசும்புல் திடல்கள், அவற்றுக்குப் பின்னால் சுவர்போல எழுந்து நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர். பலர் பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் தேநீர் அருந்திவிட்டு இவ்வூரைக் கடந்து போய்விடுகின்றனர்.

ஊரின் பெயரைச் சற்று நின்று நோக்குங்கள். மலாய் மொழியில் 'கோல' என்பது ஆறு வந்து கலக்கும் இடம். 'குபு' என்பது அரண். 'பாரு' என்றால் புதிய. புதியது ஒன்று இருப்பின் பழையது எங்கே? அதற்கான விடை, ஊரை ஒட்டியுள்ள 'அம்பாங் பெச்சா' என்னும் சிறு குடியிருப்பின் பெயரில் இருக்கிறது. அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. உடைந்த அணை என்பதே ஓர் இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பழைய கோலகுபு இருந்த இடம் அதுதான்.

ஆங்கிலேயர் வருகைக்கு முன்பே, ஈயம் எடுத்து வந்த மலாய் மக்கள் அங்கே மண்ணாலும் மரத்தாலும் ஓர் அணையைக் கட்டியிருந்தனர். ஈயமணலைக் கழுவிப் பிரிப்பதற்கு ஓடும் நீர் வேண்டும்; அந்நீரைத் தேக்கித் தரவே அந்த அணை. அதன் நிழலிலேயே ஊரும் வளர்ந்தது. 1883ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அணை உடைந்தது. வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. அவ்வட்டாரத்தின் ஆட்சி அலுவலரும் நீதிபதியுமான செசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயரும் மாண்டார். ஆற்றின் காவலாக இருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டுவிட்டதால்தான் அணை உடைந்தது என்று ஒரு கதை இன்றும் வழங்கி வருகிறது. கதை சுவையானது, மாணவர்களுக்குச் சொன்னால் கண் இமைக்காமல் கேட்பார்கள். ஆயினும் அக்கதையோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. முதலையின் மீது பழியைப் போட்டுவிட்டால் மழையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எவரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் மழை. தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஆண்டிறுதியில் பெருமழை கொட்டுவதை நாம் அறிவோம். கோலகுபு மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் இருப்பதால் அந்த வடகிழக்குப் பருவக்காற்றின் முழு வேகத்தையும் மலையே தடுத்துவிடுகிறது. இங்கு மழை மிகுவது இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும். காலையில் வெயில் தெளிவாக இருக்கும். பிற்பகலில் மலைச்சரிவில் மேகம் திரண்டு இடியுடன் பொழியும். அணை உடைந்த நாள் அக்டோபர் இறுதி என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

மேலே மலையில் பெய்யும் மழை கீழே இருப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. ஊரில் ஒரு துளிகூட விழாத வேளையில் ஆறு திடீரெனப் பெருகி வரும். மலாய்க்காரர் இதனைக் 'கெப்பாலா ஆயர்', அதாவது நீரின் தலை என்பர். சீலிங் அருவி போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இச்சொல்லை அறிந்திருப்பது நல்லது. தெளிந்திருந்த நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், பொருள்களை எடுக்கக்கூட நில்லாமல் உடனே கரையேறிவிட வேண்டும்.

1883இல் அழிந்த ஊர் மீண்டும் எழுந்தது. 1890களில் இருப்புப்பாதை இவ்வட்டாரத்தை எட்டியது. மலையைக் கடந்து பகாங்கிற்குச் செல்லும் சாலையும் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருகியபோது ராசா, கெர்லிங், களும்பாங் பக்கமெல்லாம் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் பால்மரக் காடுகளுக்குள் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

ஆனால் இரண்டாம் அழிவு அதற்குள் தொடங்கிவிட்டது. இம்முறை அது ஒரே நாளில் வரவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் ஈய லம்பங்கள் பெருகின. குழாய் நீரைப் பாய்ச்சி மலைச்சரிவையே கரைத்து ஈயமணலைப் பிரித்தெடுப்பது அக்காலத்து முறை. ஈயம் தங்கும், எஞ்சிய மண்ணும் மணலும் ஆற்றோடு போகும். செங்குத்தான மலையில் விரைந்தோடும் ஆறு, அடிவாரத்தில் வேகம் தணிந்து அந்த மண்ணைப் படிய விடும். கோலகுபு அமைந்திருந்ததோ சரியாக அந்த அடிவாரத்தில். ஆண்டுதோறும் ஆற்றுப்படுகை உயர்ந்தது. கரையை உயர்த்தினால் படுகை அதற்கு மேலும் உயரும். காலப்போக்கில் வெள்ளம் வருவது வாடிக்கையாகி, தெருக்களிலும் வீடுகளிலும் மண் படிந்தது. 1926ஆம் ஆண்டில் நாட்டையே உலுக்கிய பெருவெள்ளம் இவ்வூரையும் விடவில்லை. ஆற்றோடு போராடிப் பயனில்லை என்று கண்ட அரசு, ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றியது. பழைய ஊரின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் போயிற்று.

முதல் அழிவைப் பலரும் பேசுகின்றனர். இரண்டாவதைப் பேசுவோர் குறைவு. இரண்டாவதே நமக்குப் பெரிய பாடம் என்பேன். அதில் முதலையும் இல்லை, ஒரே இரவின் விபத்தும் இல்லை. மேலே ஒருவர் ஈட்டிய செல்வத்தின் கழிவு, கீழே இன்னொருவர் வீட்டு வாசலில் வந்து சேர்ந்தது.

புதிய ஊரின் அமைப்பில் சார்ல்ஸ் ரீட் என்பவரின் பெயர் முக்கியமானது. நியூசிலாந்தில் பிறந்த இவர், தென் ஆஸ்திரேலியாவில் பணியாற்றியபின் 1921இல் மலாய் கூட்டு மாநிலங்களின் நகரமைப்பாளராக வந்தார். இங்கிலாந்தில் அக்காலத்தில் பரவியிருந்த பூங்கா நகரக் கொள்கையில் பற்றுடையவர். கடைத்தெரு ஓரிடம், அலுவலகங்கள் ஓரிடம், வீடுகள் ஓரிடம், இடையிடையே பசுமை என்ற அமைப்பைக் கோலகுபு பாருவில் இன்றும் காணலாம். 1930களின் தொடக்கத்தில் புதிய ஊர் வாழத் தொடங்கியது.

அவசரகாலத்தில் இவ்வூரின் மலைச்சாலை உலகச் செய்தியானது. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரேசர் மலைக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி, அச்சாலையின் ஒரு வளைவில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதனைப் பற்றி நூல்கள் பல உள்ளன, இங்கு விரிக்கவில்லை.

நீரின் கதைக்கே திரும்புவோம். அணையால் அழிந்த இவ்வூருக்குச் சற்று மேலே, 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மீண்டும் ஓர் அணை எழுந்தது. சிலாங்கூர் ஆற்று அணை எனப்படும் இது, கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பங்கைத் தாங்குகிறது. 2014இல் மழை பொய்த்து அணையின் நீர்மட்டம் தாழ்ந்தபோது, கோலாலம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளில் குழாய் நீர் பங்கீட்டு முறையில் விடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்த அணைக்காகக் கெராச்சி, பெரெத்தாக் ஆகிய ஊர்களில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடி மக்கள் இடம்பெயர நேர்ந்தது. லம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் முன்பே அம்மலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான மினா அங்கோங், 'மாக் மினா' என்று அறியப்பட்ட பாடகி, 'அக்கார் உம்பி' என்னும் இசைக்குழுவோடு மேடையேறித் தம் மூதாதையரின் பாடல்களைப் பாடி, அணைத் திட்டத்திற்கு எதிராகக் குரல் கொடுத்தார். அணை கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே, 1999இல் அவர் காலமானார்.