முற்குறி அறிதல்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்

முற்குறி அறிதல் என்பது, வியாபாரத்திலும் சமுதாய வாழ்விலும் பின்னர் பெருவழக்காய்ப் பரவக்கூடிய ஒரு மாறுதலை, அது அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களில் ஏறுவதற்கு முன்னரே, அன்றாட நடைமுறையில் தோன்றும் சிறு பிறழ்வுகளைக் கொண்டு உய்த்துணரும் முறையாகும். காரணத்தை நாடுவதும், ஆதாரம் கேட்பதும், தவறென்று கண்டவிடத்து அனுமானத்தைக் கைவிடுவதும் இதன் இலட்சணங்களாதலின், இது சோதிடத்தினின்றும் வேறானது; சென்ற ஆண்டுகளின் தொகைகளை நீட்டி வரும் ஆண்டைக் கணிப்பதோடு அமையாமையின், வெறுங் கணிதத்தினின்றும் வேறானது.

சாத்திர வரலாறு

இத்துறையின் அடிப்படை ஆராய்ச்சிகளுள் ஒன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதை பரவிய வரலாற்றைப் பற்றி பிரைஸ் ரயன், நீல் குரோஸ் என்னும் இருவர் 1943இல் வெளியிட்டதாகும். அவர்கள் ஆராய்ந்த 259 விவசாயிகளுள் இருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் 1928க்கும் 1941க்கும் இடையில் புதுவிதையை ஏற்றனர். எனினும் முதற் சில ஆண்டுகளில் ஏற்றவர் மிகச் சிலரே. அச்சிலரைப் பார்த்தும் கேட்டும் அயலவர் துணிந்த பின்னரே பரவல் விரைவடைந்தது. இந்த ரயனே பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இந்நாட்டின் சமூகவியற் கல்விக்கு அடிகோலியவர். எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில், எப்புதுமையையும் முதன்முதல் கைக்கொள்வோர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே என வகுத்தார். பெருநிறுவனங்களின் திட்டமிடலை ஆராய்ந்த இகோர் அன்சொவ், தெளிவாகப் புலப்படாத மெலிந்த குறிகளுக்கும் ஏற்ற முறையில் ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என 1975இல் எழுதினார். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றத்துக்கு முன்னரே அதன் சாத்தியத்தை ஷெல் நிறுவனத்தின் திட்டப் பிரிவினர் ஆராய்ந்து வைத்திருந்தமை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சம்பவமாகும்.

பிரதேசத்தின் இயல்பு

வடக்கே பங்குடாவெளி தொடங்கித் தெற்கே கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, இப்பிரதேசத்தை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. கடலை அடுத்த எழுவான்கரையில் பட்டினங்களும் சந்தைகளும் உத்தியோக நிலையங்களும், மேற்கே படுவான்கரையில் நெல்விளையும் வட்டைகளும் அமைந்தமையால், இரு கரைக்கும் இடையிலான போக்குவரத்து, பாலங்கள் நீங்கலாக, நெடுங்காலமாகச் சில துறைகளின் வழியே நடைபெற்று வந்தது. இங்குள்ளோர் ‘பாதை’ என வழங்கும் மிதவைப் படகில் எவர் ஏறுகின்றனர், எதை ஏற்றுகின்றனர், எந்நாளில் கூட்டம் மிகுகின்றது என்பதை அவதானிப்போர்க்கு இரு கரையின் பொருளாதாரமும் ஓரளவு விளங்கிவிடும். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், குறுமண்வெளி–மண்டூர் போன்ற துறைகளில் பாதைச் சேவை தொடர்ந்தது.

இத்தகைய அவதானம் இங்கு விசேடமாக வேண்டப்படுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உள்நாட்டு யுத்தத்தின் விளைவாக, நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு 1981க்குப் பின்னர் 2012இலேயே நடைபெற்றது. ஒரு தலைமுறைக் காலம் முழுத்தொகை கிடையாத நாட்டில், ஊரவர் கண்ட சிறு குறிகளே பல விடயங்களுக்குச் சான்றாயின.

உதாரணங்கள்

கல்லோயாத் திட்டம்: ஒரு குறி மற்றொன்றைத் தொடர்ந்து வருதலுக்கு இது தக்க சான்று. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாயிருந்த நிலப்பரப்பில் காணி பங்கிட்டுக் கொடுக்கும் நீர்ப்பாசனக் குடியேற்றங்கள் எழுந்தன. 1956 ஜூன் மாதத்தில் அங்கு இனக்கலவரம் மூண்டது. 1960 மார்ச்சுத் தேர்தலில் அம்பாறை ஒரு தனித் தேர்தற்றொகுதியாயிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் முடிவில் தேசப்படத்தில் வரையப்பட்ட எல்லையின் முதற்குறி, காணிப் பங்கீட்டுப் பட்டியல்களில் முன்னரே எழுதப்பட்டிருந்தது.

வளைகுடா வேலை: ஷெல் நிறுவனத்தார் ஆராய்ந்த அதே எண்ணெய் விலையேற்றம், அரபு நாடுகளில் செல்வத்தைப் பெருக்கி, வீட்டுப் பணிப்பெண்களுக்கான தேவையாக உருமாறி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை முதலிய ஊர்களின் வாயிலை வந்தடைந்தது. இவ்வேலைக்குச் செல்லுதலை ஒழுங்குசெய்ய வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தபோது, போக்குவரவு பல்லாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. கடவுச்சீட்டுக்குப் படமெடுக்க வரும் பெண்கள், பிள்ளைகளின் பள்ளிப் படிவங்களில் பாதுகாவலராக ஒப்பமிடும் அம்மம்மாமார், ஓலைக்கூரை நீங்கிக் கல்வீடாகும் மனைகள் ஆகியன இத்தகைய போக்கின் முற்குறிகளாகக் கொள்ளத்தக்கவை. சட்டம் பின்னே வருதலும் வழக்கம் முன்னே செல்லுதலும் இத்துறையிற் காணப்படும் பொதுவிதி.

இறால் வளர்ப்பு: எல்லாக் குறியும் தோன்றிய இடத்திலேயே பலிப்பதில்லை. இலங்கையில் வணிகமுறை இறால் வளர்ப்பு, 1970களின் இறுதியிலும் 1980களிலும் பெருநிறுவனங்களால் முதன்முதல் தொடங்கப்பட்டது மட்டக்களப்புப் பகுதியிலேயே. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலையை அடுத்த இறாற்பண்ணையில் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். யுத்தத்தால் இத்தொழில் இங்கு நிலைகுலைந்து, சிலாபம், புத்தளம் பகுதிகளிற் பெருகியது. அங்கும் 1996இல் வெண்புள்ளி நோய் பெருநட்டம் விளைத்தது. தொழிலின் எழுச்சியைச் சரியாகக் கணித்தவர்களுக்கும் அது நிலைபெறும் இடத்தைக் கணிக்க இயலாது போயிற்று.

நுண்கடன்: யுத்தம் 2009இல் முடிவுற்றபின், கடன் வழங்கும் கம்பெனிகள் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்துக் கிழமைதோறும் தவணை வாங்கும் முறையில் இக்கிராமங்களில் விரைந்து பரவின. வழங்கிய தொகையும் அறவிட்ட விகிதமும் கம்பெனிகளின் ஏடுகளில் வெற்றியாகவே தோன்றின. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெறுதல், தாலிக்கொடி அடகு போதல், தவணை நாளில் வீட்டில் ஆளில்லாதிருத்தல் ஆகிய எதிர்க்குறிகள் அவ்வேடுகளில் ஏறுவன அல்ல. 2016இல் நுண்நிதியச் சட்டம் நிறைவேறியது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

ஆராயும் முறை

முதலாவதாக, பழைய நிலை இன்னதென்று அறியாதார்க்குப் புதியது புலப்படாது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்ட விவரண நூலும், பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் 1964ஆம் ஆண்டு நூலும், நிலவுடைமையாளரான போடியார், அவர் வயலிற் பணிபுரிந்த முல்லைக்காரன், வட்டைகளை மேற்பார்த்த வட்டைவிதானை முதலியோர் நிலவிய பழஞ்சமுதாயத்தோடு இக்காலத்தை ஒப்பிட ஆதாரமாகின்றன. இரண்டாவதாக, ஒரே குறி ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களிற் காணப்படுதல் வேண்டும். அடகுக் கடையிலும் பள்ளி வரவேட்டிலும் பாதைத் துறையிலும் ஒருசேரத் தோன்றுவதைத் தற்செயலென்று தள்ள இயலாது. மூன்றாவதாக, அதனை உந்தும் காரணம் நிலையானதோ என வினவல் வேண்டும். நான்காவதாக, தம் முடிபுக்கு மாறான குறிகளை முயன்று தேடுதல் வேண்டும்.

வழுக்கள்

பருவத்தால் நேர்வதைப் போக்கென மயங்குதல் இங்கு எளிதில் நிகழும் வழுவாகும். பெரும்போக விதைப்புக் காலத்தில் நகைகள் அடகுக்குச் செல்லுதலும் அறுவடைக்குப் பின் மீளுதலும் ஆண்டுதோறும் நிகழ்வன. அறுவடை முடிந்தும் மீளாதிருப்பதே குறி. மாரி வெள்ளத்தில் முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டிவிட, கடல்நீர் புகுந்து வாவியின் உப்பும் மீன்வகையும் மாறுதலும் அத்தகையதே. அதனை அறிந்த மீனவர், ஒரு பருவத்து வீச்சுவலையின் வரும்படியைக் கொண்டு வாவி வளம் குன்றியதென்று முடிவுசெய்யார். அபூர்வமான ஒன்றை முற்குறியெனக் கொள்ளுதலும், தமக்கு விருப்பமானதற்கே சான்று திரட்டுதலும் ஏனைய வழுக்கள்.

பயனும் வரம்பும்

மேற்கூறிய உதாரணங்களுள் கல்லோயாவும் வளைகுடா வேலையும் நுண்கடனும் காட்டும் உண்மை ஒன்றுண்டு: குறியைக் கண்டவர் இலர் என்பதன்று குறை, கண்டவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரமுடையோரிடம் அச்செய்தி காலத்தில் சென்று சேரவில்லை என்பதே குறை. தவணை கட்ட இயலாத பெண்ணுக்குக் கடனின் போக்கு 2018க்கு நெடுநாள் முன்பே தெரியும். ஆகவே, கிராம அலுவலர், கூட்டுறவுச் சங்கத்தார், ஆசிரியர், துறைகாரர் முதலியோர் அறிந்தவற்றை ஒழுங்காய்க் குறித்து, பிரதேச செயலகத்துக்கும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் எட்டச்செய்யும் ஏற்பாடே இப்பிரதேசத்தில் இத்துறை பயன் தருவதற்கு முதற் தேவையாகும்.