பூசை உடுப்பு

‘உடு’ என்ற வினையில் பிறந்தது உடுப்பு. திருப்பலியைப் ‘பூசை’ என்றே சொல்லிப் பழகிய தமிழ்க் கத்தோலிக்கருக்கு, குருவானவர் அப்போது மேலே அணியும் அங்கி பூசை உடுப்பு. இலத்தீனில் அது ‘காசுலா’, அதாவது சிறு வீடு. உடலை முழுதும் மூடுவதால் வந்த பெயர்.

தவக்காலத்தில் ஊதா, பெரிய வெள்ளியன்று சிவப்பு. பாஸ்கா திருவிழிப்பில் திருச்சி மேலப்புதூர் பேராலயத்திலும் பாலக்கரை சகாய மாதா கோயிலிலும் வெள்ளை அல்லது பொன்நிறம்தான். அதில் சிலுவை, கொடி தாங்கிய செம்மறி, கோதுமைக் கதிர், திராட்சைக் குலை எனச் சரிகைப் பூவேலை செய்வார்கள்.

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவில், உச்சிக்காலப் பூசைக்கு அர்ச்சகர் அம்மனாகவே சேலையும் கிரீடமும் அணிகிறார். இரு கரையிலும் உடுப்பு வழிபாட்டின் ஓர் அங்கம். ஏட்டில் ‘திருவுடை’ என்று எழுதினாலும், பேச்சில் பூசை உடுப்பைக் கைவிடாதீர்கள்.