பந்தைப் பார்க்கக்கூடாத நடுவர்

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்து நீளமாக எறியப்பட்டு உயரே எழும்பும்போது, மைதானத்தைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பந்தைப் பார்க்கக்கூடாத ஒருவர் மைதானத்துக்குள் நிற்கிறார். அவருக்குப் பெயர் பாக் ஜட்ஜ். தமிழில் பின்கள நடுவர் எனலாம்.

நியூஜேர்சியில் பாடசாலை அணிகள் மோதும் போட்டிகளில் சில வருடங்களாக நான் இந்த இடத்தில்தான் நிற்கிறேன். ஊரிலிருந்து கதைக்கும் உறவினர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலேசான காரியமல்ல. "லைன்ஸ்மன் மாதிரியோ?" என்று கேட்பார்கள். இல்லை. கோட்டோரமாக ஓடுவதல்ல என் வேலை. தடுக்கும் அணியின் முதுகுக்குப் பின்னால், மைதானத்தின் நடுவில், தனியாக நிற்பது. அங்கே நிற்பவர் என்ன செய்கிறார், அவருடைய கண் ஒரு கணம் தவறினால் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

றக்பியிலிருந்து பிரிந்த இடம்

இந்த ஆட்டம் றக்பியிலிருந்து வளர்ந்தது. கண்டியிலோ கொழும்பிலோ றக்பி பார்த்தவர்களுக்கு அடிப்படை உடனே விளங்கும்: முட்டை வடிவப் பந்து, பிடித்து விழுத்தும் ஆட்டம், எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்க்கும் நோக்கம். பெரிய வித்தியாசங்கள் இரண்டு.

ஒன்று, ஆட்டம் விட்டுவிட்டு நடக்கும். ஒவ்வொரு தடவையும் இரு அணிகளும் எதிரெதிராக வரிசையில் நிற்க, நடுவில் இருப்பவர் பந்தைத் தன் கால்களுக்கிடையால் பின்னால் கொடுப்பார். இதை ஸ்னாப் என்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேற வேண்டும். இரண்டாவது வித்தியாசம்தான் என் வேலைக்குக் காரணம். றக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறிவது குற்றம். இங்கே, ஸ்னாப் நடந்த கோட்டுக்குப் பின்னால் நின்று, ஒரு முயற்சிக்கு ஒரு தடவை முன்னால் எறியலாம்.

இந்த அனுமதி 1906 இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் கல்லூரி மைதானங்களில் மாணவர்கள் இறந்துபோன விவகாரம் வெள்ளை மாளிகை வரைக்கும் சென்றது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். ஒரே குவியலாக மோதிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பரவலாக்கச் செய்யப்பட்ட மாற்றங்களில் முன்னோக்கி எறிவதும் ஒன்று. அதன் பிறகு ஆட்டம் ஒரு நொடியில் 40 யார் தள்ளிப் போகலாம் என்றானது. முன்வரிசைக்குப் பக்கத்தில் நிற்கும் நடுவர்களின் கண்ணுக்கு அந்தத் தூரம் எட்டாது.

தொழில்முறை லீக்கான என்.எப்.எல் தன் நடுவர்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகவே கூட்டியது. 1929 இல் நான்காமவர், 1947 இல் ஐந்தாமவர், 1965 இல் ஆறாமவர், 1978 இல் ஏழாமவர் வந்தனர். பெயரில் ஒரு குழப்பமும் உண்டு. நடுவில் ஆழமாக நிற்பவரை என்.எப்.எல் நீண்ட காலம் ஃபீல்ட் ஜட்ஜ் என்றே அழைத்தது. பக்கவாட்டில் ஆழமாக நின்றவர்தான் அப்போது பாக் ஜட்ஜ். கல்லூரி வழக்கத்தோடு ஒத்துப்போவதற்காக 1998 இல் இரு பெயர்களையும் இடம்மாற்றினார்கள். பழைய போட்டிகளின் குறிப்புகளைப் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எங்கே நிற்பது?

ஸ்னாப் நடக்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 20 யார் பின்னால், மைதானத்தின் அகலத்துக்கு நடுவில். கல்லூரிப் போட்டிகளில் 25 யார் வரை போவார்கள். என்.எப்.எல்லில் இரு பக்கக் கோடுகளிலும் ஆழமாக இன்னும் இருவர் நிற்பதால் பின்களத்தை மூவர் பங்குபோட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் போட்டிகளில் மொத்தமே ஐந்து நடுவர்கள். ஆழத்தில் நிற்பது நான் ஒருவன்தான்.

பந்து இலக்குக் கோட்டை நெருங்கிவிட்டால் கணக்கு மாறும். அப்போது நான் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கே போய்விடுவேன். பந்தைப் பிடித்தவரின் கால் அந்தக் கோட்டில் பட்டதா இல்லையா என்பது என் பொறுப்பு. பாடசாலை, கல்லூரி ஆட்டங்களில் ஒரு கால் உள்ளே ஊன்றினால் போதும். என்.எப்.எல்லில் இரண்டு கால்களும் ஊன்ற வேண்டும்.

ஸ்னாப்புக்கு முன்

முதலில் தடுக்கும் அணியை எண்ணுவேன். பதினொருவர் சரியாக இருந்தால் கையை நீட்டி முஷ்டியைக் காட்டுவேன். பன்னிரண்டாவது ஆள் நிற்பதைக் கவனிக்காமல் ஆட்டம் நடந்துவிட்டால், பிறகு எதைச் சொல்லியும் சரிக்கட்ட முடியாது.

அடுத்தது நேரம். முந்தைய ஆட்டம் முடிந்ததிலிருந்து 40 செக்கன்களுக்குள், சில சந்தர்ப்பங்களில் நடுவர் சைகை காட்டியதிலிருந்து 25 செக்கன்களுக்குள், ஸ்னாப் நடக்க வேண்டும். கடிகாரப் பலகை இல்லாத பாடசாலை மைதானங்களில் என் மணிக்கட்டில் இருப்பதுதான் கடிகாரம். 10 செக்கன் இருக்கும்போது கையை உயர்த்துவேன். கடைசி 5 செக்கன்களைக் கையசைத்து எண்ணுவேன். தாமதித்தால் 5 யார் தண்டனை.

தொலைக்காட்சியில் என்.எப்.எல் பார்ப்பவர்கள், கடிகாரம் பூச்சியத்துக்கு வந்த பிறகும் கொடி விழவில்லையே என்று கோபப்படுவதுண்டு. அங்கே பின்கள நடுவர் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறார். பூச்சியம் வந்ததும் கண்ணைப் பந்துக்குத் திருப்புகிறார். அப்போதும் பந்து அசையாமல் இருந்தால்தான் கொடி. கண் திரும்புவதற்கு எடுக்கும் அந்தச் சிறு நேரம் தாக்கும் அணிக்குச் சலுகையாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, எந்த வீரரைப் பின்தொடர்வது என்று தீர்மானிப்பது. பெரும்பாலும் உள்பக்கமாக நிற்கும் ரிசீவர், அதாவது பந்தைப் பிடிக்க ஓடுபவர், என் கணக்கில் வருவார்.

ஸ்னாப்புக்குப் பின்

முன்வரிசையில் நிற்கும் பருத்த வீரர்கள் எனக்குச் செய்தி சொல்வார்கள். அவர்கள் முன்னால் முட்டித் தள்ளினால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடப்போகிறார்கள். நிமிர்ந்து பின்வாங்கினால் எறியப்போகிறார்கள். எறிவது என்று தெரிந்தவுடன் நான் பின்னோக்கி நகரத் தொடங்குவேன். எந்த ரிசீவரும் என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் போய்விடக்கூடாது என்பது இந்த இடத்தின் முதல் விதி. அவர் என்னைத் தாண்டினால் நான் அவரைத் துரத்துபவன் ஆகிவிடுவேன். துரத்துபவருக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். கைகள் தெரியாது.

கைகளில்தான் விஷயம் இருக்கிறது. பந்து காற்றில் இருக்கும்போது இருவருக்கும் அதைப் பிடிக்க உரிமை உண்டு. மோதல் நடந்தது என்பதற்காகக் கொடி எறிய முடியாது. பந்தைப் பார்க்காமல் ஆளை மோதினாரா, பந்து வருமுன் கையைப் பிடித்து இழுத்தாரா, இடுப்பைப் பிடித்துத் திருப்பினாரா, ரிசீவரே தடுப்பவரைத் தள்ளிவிட்டாரா என்றுதான் பார்க்க வேண்டும். தடுக்கும் அணி இப்படித் தவறிழைத்தால் என்.எப்.எல்லில் தவறு நடந்த இடத்துக்கே பந்து கொண்டுபோகப்படும். பாடசாலை ஆட்டத்தில் தண்டனை 15 யார்.

நான் எறியாத கொடி

என் மூன்றாவது பருவத்தில் நடந்தது இது. ஆட்டம் முடிய 6 செக்கன் இருந்தது. 4 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியிடம் பந்து. எதிரணியின் 35 யார் கோட்டில் ஸ்னாப். நான் 15 யார் கோட்டில் நின்றேன். என் கணக்கில் வந்த பையனின் மேற்சட்டை இலக்கம் 84.

அவன் நேராக என்னை நோக்கி ஓடி வந்தான். நான் பின்வாங்கினேன். பந்து எழும்பியது. மைதான விளக்குகளுக்கு மேலாக அது போன அழகில் என் கண்ணும் அதோடு போய்விட்டது. ஒரு செக்கன்கூட இருக்காது. கண்ணைக் கீழே இறக்கியபோது இரண்டு பையன்களும் புல்லில் கிடந்தார்கள். பந்து உருண்டுகொண்டிருந்தது. நேரம் முடிந்திருந்தது.

யார் யாரை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கொடி என் இடுப்பிலேயே இருந்தது. ஒரு பக்கம் கொண்டாட்டம், மறுபக்கம் கூச்சல். 84 எழுந்து என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை. "சேர், நீங்கள் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். தலையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாள் காணொளியில் எல்லாம் தெளிவாக இருந்தது. பந்து வருமுன்பே தடுப்பவர் அவனுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பியிருந்தார். நேரம் முடிந்த கணத்தில் தடுக்கும் அணி தவறிழைத்திருந்தால், கடிகாரம் ஓடாமல் இன்னொரு முயற்சி கொடுக்க வேண்டும். 15 யார் முன்னே, 20 யார் கோட்டிலிருந்து. அவர்கள் வென்றிருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முயற்சி அவர்களுக்குச் சேர வேண்டியது. அதை இல்லாமல் செய்தவன் நான்.

எங்கள் குழுவின் பிரதான நடுவர் என்னைத் திட்டவில்லை. பந்து ஒருநாளும் தவறிழைப்பதில்லை, பிறகு ஏன் அதைப் பார்க்கிறாய் என்று கேட்டார். இன்னொன்றும் சொன்னார். பார்க்காததற்குக் கொடி எறியாமல் விட்டது மட்டும் சரி. ஒரு பிழையை ஊகத்தால் மூட வெளிக்கிட்டால் அது இரண்டு பிழையாகும்.

இரண்டு நடுவர்கள், இரண்டு சைகைகள்

2012 செப்டெம்பர் 24 இல் சியாட்டில் அணிக்கும் கிறீன் பே அணிக்கும் நடந்த என்.எப்.எல் போட்டி இதற்குப் பெரிய உதாரணம். வழமையான நடுவர்களுக்கும் லீக்குக்கும் இடையே ஒப்பந்தத் தகராறு. மாற்று நடுவர்கள் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி எறிதலில் பல வீரர்கள் ஒன்றாக எழும்பினார்கள். இருவர் பந்தோடு விழுந்தார்கள். பக்கத்து நடுவர் இரு கைகளையும் உயர்த்திப் புள்ளி என்றார். பின்கள நடுவர் கைகளைத் தலைக்கு மேல் அசைத்து நேரத்தை நிறுத்தும் சைகை காட்டினார். புள்ளி என்ற தீர்ப்பே நிலைத்தது. சியாட்டில் 14-12 என வென்றது. அதற்கு முன் சியாட்டில் ரிசீவர் ஒரு தடுப்பாளரைத் தள்ளியதற்குக் கொடி விழுந்திருக்க வேண்டும் என்று லீக் மறுநாள் ஒப்புக்கொண்டது. இரண்டு நாட்களில் தகராறு முடிவுக்கு வந்தது.

எங்கள் பயிற்சிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பேசுவோம். ஆளையாள் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு கையைத் தூக்குங்கள். தாமதமான சைகை யாருக்கும் கெடுதல் செய்யாது.

பந்து போன பிறகு

பந்தைப் பிடிக்கப் பாய்ந்த பையன் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கிறான். அவனுடைய தலையிலோ கழுத்திலோ மோதப்படுவதை மிகக் கிட்டத்தில் காண்பது பின்கள நடுவர்தான். பந்து கைதவறி முயற்சி முடிந்த பிறகும் நான் அவனைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எழும்பும்போது தடுமாறுகிறானா, தன் அணி இருக்கும் பக்கம் தெரியாமல் நிற்கிறானா? மூளை அதிர்ச்சிக்கான அறிகுறி தெரிந்தால் வீரரை உடனே வெளியே அனுப்ப வேண்டும், தகுதியான மருத்துவப் பணியாளர் அனுமதிக்கும் வரை அவர் திரும்பி ஆடக்கூடாது என்பது பாடசாலை ஆட்டத்தின் விதி. பயிற்றுநர் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஒரு புள்ளி பிழைத்தால் ஒரு ஆட்டம் போகும். இது பிழைத்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை போகலாம்.

இப்போது ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்னும், நான் பார்க்க வேண்டிய பையனின் இலக்கத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். பந்து எழும்பும்போது கூட்டத்தின் சத்தம் அதைச் சொல்லிவிடும். என் கண் அந்த இலக்கத்திலேயே இருக்கும். பந்து தானாக அங்கே வந்து சேரும்.