மல்லிகைக் கட்டு
மூத்தவன் பிறந்த நாலாம் நாள் பால் கட்டி, எனக்கு மார் கல்லாகிவிட்டது. அப்பத்தா வெந்நீர்த் துணியால் ஒத்தி, கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, "இப்பப் பிள்ளையைப் போடு தாயி" என்றாள். காம்பு வெடிப்புக்குத் தாய்ப்பாலையே தடவிக் காயவிட்டாள்.

மல்லிகையை மட்டும் கிட்டே விடவில்லை. அது பாலை வற்றவைக்கும் பூ. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மாரில் வைத்துக் கட்டுவது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் பிள்ளை பெற்ற பெண்களிடம் அந்தப் பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு, 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை மாத்திரைதான் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் பால் வற்றியதிலும், வலிமருந்து தேவைப்பட்டதிலும் பூ அதற்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்பத்தா அந்தப் பூவைக் கட்டியிருக்கிறாள். இரண்டு முறை.