ஹாட் ராட் கார்களும் பிரேக் பெடல் தண்டும்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் உடலையும் சேஸிஸையும் வைத்துக்கொண்டு, எடை கூட்டும் பாகங்களைக் கழற்றிவிட்டு, வலுவான எஞ்சினைப் பொருத்தி உருவாக்கப்படும் வாகனம் ஹாட் ராட் எனப்படுகிறது. இந்த வழக்கம் 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. இதன் வரலாறு பெரும்பாலும் எஞ்சின்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஓட்டுநரின் காலடியில் இருக்கும் ஒரு முழத்துக்கும் குறைவான எஃகுத் துண்டு, அதாவது பிரேக் பெடலின் தண்டு, அதில் அதிகம் இடம்பெறுவதில்லை. ஆனால் எஞ்சினை மாற்றியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரு கட்டத்தில் அந்தத் தண்டிலும் கைவைக்க வேண்டியிருந்தது.

ஃபோர்டு நிறுவனம் 1932இல் மலிவு விலைக் கார் ஒன்றில் 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சினைத் தந்தது. பிரேக் மட்டும் பழையபடியே இருந்தது. பெடலை மிதித்தால் சேஸிஸுக்கு அடியில் ஓடும் இரும்புக் கம்பிகள் இழுபட்டு நான்கு சக்கர டிரம்களையும் இறுக்கும். மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய திரவ பிரேக் 1921இலேயே டூசன்பர்க் காரில் வந்துவிட்டது. பிளிமத் 1928இல் அறிமுகமானபோதே திரவ பிரேக்குடன் வந்தது. ஆனால் ஹென்றி ஃபோர்டு குழாய்க்குள் ஓடும் எண்ணெயை நம்பவில்லை. பெடல் முதல் சக்கரம் வரை எஃகு என்பதையே அவரது நிறுவனம் பாதுகாப்பாக விளம்பரப்படுத்தியது. 1939ஆம் ஆண்டு மாடலில்தான் ஃபோர்டு கார்களுக்குத் திரவ பிரேக் கிடைத்தது.

முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் ஓடியவரை இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளிதான். காலை எடுத்தால் கார் தானாக வேகம் குறைந்து நிற்கும். எடையைக் குறைக்க முன்சக்கர பிரேக்கையே கழற்றியவர்களும் இருந்தார்கள். அதே கார் ஊருக்குள் வந்து சிக்னலில் நிற்க வேண்டியிருந்தபோது நிலைமை வேறானது. போருக்குப் பிறகு 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டுகளின் திரவ பிரேக்கையும், குறிப்பாக 1939 மாடலின் பெடல் தொகுதியையும், பழைய கார் கிடங்குகளில் தேடி வாங்கி முந்தைய சேஸிஸ்களில் பொருத்துவது வழக்கமாயிற்று. அந்தத் தொகுதி கிடைக்காதவர்கள் கம்பி பிரேக்கின் பெடல் தண்டையே வெட்டி, ஒரு காதுத்தகட்டை வெல்டிங் செய்து, மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும்படி மாற்றினார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

பெடல் தண்டு ஒரு நெம்புகோல். கடப்பாரையால் பாறையைப் புரட்டுவதுபோல நீளமான பக்கம் காலுக்கு, குட்டையான பக்கம் சிலிண்டருக்கு. அச்சாணியிலிருந்து மிதிக்கும் இடம் 300 மி.மீ., தள்ளுதண்டின் துளை 50 மி.மீ. என்றால் விகிதம் 6. கால் 40 கிலோ விசை தந்தால் சிலிண்டருக்கு 240 கிலோ போகும். 1 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 47 கிலோ அழுத்தம். துளையை அச்சாணியிலிருந்து 75 மி.மீ. தள்ளி இட்டால் விகிதம் 4ஆகக் குறையும், அழுத்தமும் சுமார் 32 கிலோவாக இறங்கும். இரண்டரை சென்டிமீட்டர் தவறில் மூன்றில் ஒரு பங்கு பிரேக் போய்விடுகிறது. சரி, துளையை 30 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் என்ன? விகிதம் 10, மிதி பஞ்சுபோல் இலேசாக இருக்கும். ஆனால் பிஸ்டன் 25 மி.மீ. நகர வேண்டுமானால் கால் 250 மி.மீ. போக வேண்டும், அதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும். பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு 6 அளவிலும், பூஸ்டர் உள்ளதற்கு 4 அளவிலும் விகிதம் வைக்கும் நடைமுறை இந்தக் கணக்கிலிருந்து வந்ததே. கூர்மையான கேம்ஷாஃப்ட் பொருத்திய எஞ்சின்களில் வெற்றிடம் குறைவு என்பதால் பூஸ்டர் சரியாக உதவாது. பூஸ்டரைக் கழற்றிவிட்டுப் பழைய பெடலையே வைத்துக்கொள்பவருக்குக் கல்லை மிதிப்பதுபோல் இருக்கும்.

ஃபோர்டு 1952இல் பெடலைத் தரையிலிருந்து எடுத்து மேலிருந்து தொங்கவிட்டது. ஹாட் ராட் கட்டுபவர்கள் பலர் எஞ்சின் அறை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தரைக்கடி அமைப்பையே தொடர்ந்தார்கள். அகலமான எஞ்சினும் கியர்பெட்டியும் குறுகிய காருக்குள் நுழைந்ததால், ஸ்டீயரிங் தண்டையும் சேஸிஸையும் சுற்றிப் பெடல் தண்டை வளைக்க வேண்டியிருந்தது. வளைந்த தண்டின் நீளத்தை வளைவின்மீது நாடா வைத்து அளப்பது பரவலான பிழை. அச்சாணியிலிருந்து விசை செல்லும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரமே கணக்கில் வரும். பக்கவாட்டில் வளைத்தால் மிதிக்கும்போது தண்டு முறுகும், அச்சாணியின் புஷ் ஒருபுறமாகத் தேயும்.

உலோகமும் கவனிக்கப்பட வேண்டியது. அடித்து உருவாக்கிய எஃகுத் தண்டைச் சிவக்கக் காய்ச்சி வளைக்கலாம். அதைத் தண்ணீரில் முக்காமல் மெல்ல ஆறவிட வேண்டும், இல்லையேல் நொறுங்கும் தன்மை வந்துவிடும். வார்ப்பிரும்புத் தண்டை வளைக்கவோ ஒட்டவோ முயலக் கூடாது. வெல்டிங் தவிர்க்க முடியாதென்றால் விளிம்புகளைச் சரிவாகச் சீவி, முழு ஆழத்துக்கும் உருகி ஒட்டும்படி, தேர்ந்த வெல்டர் செய்ய வேண்டும். பந்தயக் கார்களைப் பார்த்து அழகுக்காகத் துளையிடும் வழக்கமும் உண்டு. நடுக்கோட்டில் இட்ட துளை அதிகம் கெடுக்காது, விளிம்பை நெருங்கிய துளையிலிருந்து விரிசல் கிளம்பும். மிகக் கடினமான எஃகுக்குக் குரோம் பூசினால் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்து, முன்னறிவிப்பின்றி முறியக்கூடும்.

ஒற்றைச் சுற்றுத் திரவ பிரேக்கில் ஒரு குழாய் கசிந்தாலே எல்லாம் போய்விடும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் 1962இல் காடிலாக்கில் வந்தது. 1968 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டாட்சித் தரநிலை புதிய கார்களுக்குப் பிரிக்கப்பட்ட பிரேக் அமைப்பைக் கட்டாயமாக்கியது.  பழைய ஹாட் ராட்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. 1970இல் தொடங்கிய தேசிய ஸ்ட்ரீட் ராட் சங்கம் பின்னர் 23 அம்சப் பாதுகாப்புப் பரிசோதனையை நடத்தி வந்தது.

டிஸ்க் பிரேக் பரவியபோது தரைக்கடி சிலிண்டர் இன்னொரு தொல்லை தந்தது. சிலிண்டர் சக்கரத்தின் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் மெல்லத் திரும்பி வடியும், முதல் மிதியில் பெடல் வெறுமையாக உள்ளே போகும். பெடல் தண்டில் குறை தேடி மறுபடி வெட்டியவர்கள் உண்டு. அதற்குத் தேவைப்பட்டது டிஸ்க்குக்கு 2 பவுண்டு, டிரம்முக்கு 10 பவுண்டு எச்ச அழுத்த வால்வு.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. தள்ளுதண்டு சற்று நீளமாகிவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறுதுளை மூடியே இருக்கும். ஓடும்போது எண்ணெய் சூடாகி விரிய, பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். ஆகவே பெடலுக்குத் தனித் தடுப்பு வைத்து, தள்ளுதண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடப்படுகிறது. கார் நின்ற நிலையில் முழு பலத்துடன் பலமுறை மிதித்து, தண்டு வளைகிறதா, வெல்டிங் அருகே மயிரிழை விரிசல் தெரிகிறதா, பெடல் தடுப்புவரை திரும்புகிறதா என்று இன்னொருவர் கீழிருந்து பார்த்த பிறகே கார் பட்டறையை விட்டு வெளியே எடுக்கப்படும்.