மருத்துவ இரகசியமும் போக்சோ சட்டத்தின் தகவல் கடமையும்

நோயாளி நம்பிச் சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்பது தொழிலின் பழைய நெறி. ஆனால் ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்பது இந்தியாவில் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள சட்டம். போக்சோ எனப்படும் அச்சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது.

தகவல் தரும் இத்தகைய கடமை முதலில் வேரூன்றியது அமெரிக்காவில். அடிபட்டு வரும் குழந்தைகளைப் பற்றி ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் 1962இல் எழுதிய கட்டுரைக்குப் பின், சில ஆண்டுகளிலேயே அங்குள்ள மாநிலங்கள் சட்டம் இயற்றின.

போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவரும் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தரவேண்டும் என்கிறது. மருத்துவருக்கு விலக்கில்லை. தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்ட விடுதி ஒன்றில் பழங்குடிச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமையை மறைத்ததாக ஒரு மருத்துவர்மீது பதிவான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. தகவல் தராமல் இருப்பது கடுமையான குற்றம் என்பது அதன் நிலைப்பாடு.

கடமை காவல்துறையிடம் சொல்வதோடு நின்றுவிடுகிறது என்பதை மருத்துவமனைகள் மறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். அந்தப் பதிவைப் பக்கத்துப் படுக்கைக்காரர் கேட்க உரக்கப் படிப்பதற்கோ, உறவினர் கூட்டத்திடம் விளக்குவதற்கோ எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. அவசர சிகிச்சைதான் முதலில். அதற்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் விதிகள். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். இரகசியம் அந்தக் குழந்தைக்கு உரியது. அழைத்து வந்த பெரியவர், குடும்ப மானத்தைச் சொல்லி அதற்கு உரிமை கொண்டாட முடியாது.

சிக்கல் அதிகம் எழுவது பதின்வயதினர் விருப்பத்தோடு உறவு கொண்ட வழக்குகளில். கருவுற்ற 16 வயதுப் பெண் மருத்துவரிடம் போனால் காதலன்மீது வழக்கு வரும் என்பதால், தகுதியற்றவர்களிடம் ஒளிந்து போகும் நிலை உண்டானது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு இதற்கு ஒரு வழி சொன்னது. சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிடத் தேவையில்லை. தகவல் தரும் கடமை மட்டும் அப்படியே நிற்கிறது.

இந்தத் தளர்வு கருக்கலைப்பை ஒட்டியது. பள்ளி ஆலோசகருக்கும் மனநல மருத்துவருக்கும் பொதுவாக நீட்டப்படவில்லை. ஆகவே பேச்சைத் தொடங்கும்போதே எதை மறைத்து வைக்க முடியாது என்பதை அவர்கள் குழந்தைக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கேட்ட பிறகு காவல் நிலையத்தைக் குறிப்பிடுவது, அந்தக் குழந்தையை இன்னொரு முறை ஏமாற்றுவதாகும்.