தங்கு நேரம்

இலக்கணப்படி இது வினைத்தொகை: தங்கிய, தங்குகிற, தங்கும் என முக்காலத்துக்கும் விரியும். எரிதலியலில், நன்கு கலக்கப்படும் உலைக்குள் வாயு சராசரியாக இருந்துவிட்டுப் போகும் காலம். உள்ளிருக்கும் நிறையை நொடிக்குப் பாயும் நிறையால் வகுத்தால் கிடைக்கும்.

பாய்ச்சலைக் கூட்டினால் இது சுருங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால், வினை முடியுமுன்னே வாயு வெளியேறி, சுடர் சட்டென்று அணையும். அந்த எல்லையே அணைவுத் தங்கு நேரம். கான்டெரா மென்பொருளின் மாதிரி நிரல் ஒன்று 0.1 நொடியில் தொடங்கி, படிக்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, வெப்பநிலை 500 கெல்வினுக்குக் கீழே விழும்வரை கணக்கிடுகிறது. எரியும் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். குளிர்ந்த வாயுவில் தொடங்கினால், எரியாத நிலையும் சரியான விடைபோலவே வந்து நிற்கும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.